இன்டெலும் ஏஎம்டியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிப் நிறுவனமான இன்டெல் 2024-இல் 18.8 பில்லியன் டாலர் நஷ்டம் காட்டியது. 2015-இல் அதன் போட்டியாளரான ஏஎம்டியின் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது, பிறகு எழுந்துவிட்டது; இன்டெலும் அப்படி எழும் என்கிறான் என் நண்பன். நம்பலாமா? எதைப் பார்த்து முடிவுசெய்வது?

கே.

அன்புள்ள கே.,

ஏஎம்டி தன் ஃபேப்களை (சிப் ஆலைகளை) 2009-லேயே குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. 2013-இல் ஆஸ்டின் வளாகத்தை 164 மில்லியன் டாலருக்கு விற்று, அங்கேயே வாடகைக்கு இருந்தது. 2016-இல் பினாங்கு, சூஜோவில் சிப்களைப் பொதிந்து சோதிக்கும் ஆலைகளில் 85 சதவீதப் பங்கும் போயிற்று. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் சிப்கள் சோறு போட்டன. 2017 மார்ச்சில் ஸென் என்ற புதிய சிப் வடிவமைப்பு வரும்வரை மூச்சு நின்றுவிடாமல் இருந்தால் போதும் என்ற நிலை. 2018-இல் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் தயாரிப்பு முறையைக் கைவிட்டதும் ஏஎம்டி அந்த வேலையைத் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியிடம் கொடுத்தது.

இன்டெலுக்கு அந்த வசதி இல்லை, ஆலைகள் அதனுடையவை. லூனார் லேக் என்ற மடிக்கணினிச் சிப்பின் முக்கியப் பகுதியை டிஎஸ்எம்சியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் வெளியே போகும் ஒவ்வொரு வேஃபருக்கும் (சிப்கள் வெட்டப்படும் சிலிக்கான் தட்டு) சொந்த ஃபேப்பில் ஓர் இடம் காலி. கல்யாண மண்டபம் கட்டியவர் கதைதான்: முகூர்த்தமில்லாத மாதத்திலும் வட்டி ஓடும்.

18.8 பில்லியனைக் கண்டு பயப்படாதீர்கள். அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் 16.6 பில்லியன் நஷ்டம். பழைய இயந்திரங்கள், மொபைல்ஐ என்ற துணை நிறுவனம், வரிச்சலுகை ஆகியவற்றின் மதிப்பைக் குறைத்து எழுதியதுதான் அதில் பெரும்பகுதி. கையிலிருந்து பணம் போகவில்லை. நோய் வேறிடத்தில். அதே ஆண்டு தொழிலில் வந்த ரொக்கம் 8.3 பில்லியன், ஆலைக்கும் இயந்திரங்களுக்கும் கொட்டியது சுமார் 24 பில்லியன். அயர்லாந்து ஃபேப்பில் 49 சதவீதத்தை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 11 பில்லியனுக்குக் கொடுத்ததெல்லாம் இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதற்கு விலை, நாளைய லாபத்தில் பங்கு.

இன்டெலின் மொத்த லாப விகிதம் (விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவது) 2019-இல் 58.6 சதவீதம், 2024-இல் 32.7. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2023 முதல் இயந்திரங்களின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக நீட்டிக் கணக்கெழுதுகிறார்கள். தேய்மானம் குறைவாகத் தெரியும். பழைய முறைப்படி பார்த்தால் விகிதம் இன்னும் கீழே.

அடுத்தது, 18ஏ என்ற இன்டெலின் புதிய தயாரிப்பு முறை. 2024-இல் அதன் குறை அடர்த்தி (வேஃபரில் விழும் பழுதுகளின் எண்ணிக்கை) சதுர சென்டிமீட்டருக்கு 0.40-க்கும் கீழே வந்துவிட்டது என்றார் அன்றைய தலைவர் பேட் கெல்சிங்கர். செய்திகள் இதைக் கொண்டாடின. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மில்லிமீட்டர் வேஃபரில் 100 சதுர மில்லிமீட்டர் சிப் சுமார் 640 வெட்டலாம். குறை 0.4 என்றால், குறைகள் தற்செயலாக விழும் என்று கொள்ளும் எளிய பாய்ஸான் கணக்குப்படி 67 சதவீதம், சுமார் 430 தேறும். மடிக்கணினிக்கு இது ஓடும். அதே வேஃபரில் 800 சதுர மில்லிமீட்டர் ஏஐ சிப் 64 வெட்டினால் 4 சதவீதம்தான், இரண்டோ மூன்றோ தேறும். சிப்பினுள் பழுதான கோர்களை (கணக்கிடும் பகுதிகளை) முடக்கிவிட்டு விற்பது உண்டு. அதனால் நிஜத்தில் இத்தனை மோசமில்லை. ஆனாலும் குறை 0.1 பக்கம் இறங்காமல் பெரிய சிப்காரர் யாரும் வரமாட்டார். ஆகவே 'ஈல்டு (தேறும் விகிதம்) நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்த அளவு சிப்புக்கு என்று கேளுங்கள்.

பிறருக்கும் சிப் செய்துதரும் ஃபவுண்ட்ரி பிரிவின் இயக்க நஷ்டம் 2023-இல் சுமார் 7 பில்லியன், 2024-இல் 13.4 பில்லியன். அதன் வாடிக்கையாளர் பெரும்பாலும் இன்டெலேதான். பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் 18ஏ-க்கு அடுத்த தலைமுறையான 14ஏ-வை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்று 2025 ஜூலையில் நிறுவனமே எழுதிக்கொடுத்தது. சிப் வடிவமைக்கும் இன்டெல் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்; லேப்டாப்பும் சர்வரும் இன்னும் விற்கின்றன. ஃபேப் நடத்தும் இன்டெலுக்கு அந்த உறுதியை என்னால் தரமுடியாது.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கு எடுத்ததையும், செப்டம்பரில் என்விடியா 5 பில்லியன் அறிவித்ததையும் உங்கள் நண்பர் சொல்வார். இரண்டும் பங்குக்கான பணம். என்விடியா தன் ஜிபியுவை இன்டெல் ஃபேப்பில் அடிப்பதாக அந்த அறிவிப்பில் வாக்குக் கொடுக்கவில்லை. வெளியார் யாராவது 14ஏ வேஃபருக்கு முன்பணம் கட்டினார்களா என்று அவரிடம் கேளுங்கள்.