மறதி நோய் வந்தவங்களோட ஒரு நாளை எப்படி ஓட்டுறது? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

முதியோர் வார்டுல நர்ஸா இருந்தேன், அப்புறம் என் மாமியாரை ஏழு வருஷம் வீட்லயே வெச்சுப் பார்த்தேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன். எட்டுக்குக் குளியல், ஒன்பதுக்கு வாக்கிங். எதுக்கும் வரமாட்டேங்கறார்.

பதில்: அது உங்க டைம்டேபிள் தம்பி, அவரோடது இல்ல. வேலைக்குப் போன காலத்துல காபி, பேப்பர், ஷேவ், அப்புறம்தான் குளியல்னு இருந்தாரா, அந்த வரிசையைத் தொடாதீங்க. மறதி நோய்ல அதிகமா வர்ற வகையான அல்சைமர்ல, புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதி சீக்கிரமே அடிபடும், புதுசு எதுவும் மனசுல நிக்காது, ஆனா கை பழகின வேலை ரொம்ப நாள் தங்கும். என் மாமியாருக்கு என் பேரே போயிடுச்சு, ஆனா முருங்கைக்கீரைக் கட்டைக் கையில கொடுத்தா நான் உருவுறதை விட சுத்தமா உருவி வெச்சுடுவாங்க. மணி எவ்வளவு ஆனா என்ன, எதுக்கு அப்புறம் எதுன்னு மாறாம இருக்கணும்.

கேள்வி: குளிக்கக் கூப்பிட்டா அம்மா அடிக்க வர்றாங்க.

பதில்: "குளிக்கலாமா"ன்னு கேட்டீங்கன்னா "வேணாம்"னுதான் வரும். "வெந்நீர் ரெடிம்மா"ன்னு கூட்டிட்டுப் போங்க. ஷவர் வேண்டாம், தலையில திடீர்னு கொட்டினா பயந்துடுவாங்க. பக்கெட், சொம்பு போதும், முதல்ல கால்ல ஊத்துங்க, தோள்ல ஒரு துண்டு போர்த்தி விடுங்க கூச்சம் போகும், சொம்பை அவங்க கையிலயே கொடுத்துப் பாருங்க. அப்பவும் முடியலன்னா துடைச்சு விடுங்க, ஒரு நாள் குளிக்கலன்னா ஒண்ணும் ஆகிடாது.

கேள்வி: சாயங்காலமானா "வீட்டுக்குப் போகணும்"னு வாசலுக்கு ஓடுறார் மாமனார். இருக்கறதே அவர் கட்டின வீடு!

பதில்: சாயங்காலமானா குழப்பமும் பதட்டமும் கூடுற இதுக்கு சண்டவுனிங்னு பேரு. இருட்டுறதுக்கு முன்னாடியே எல்லா லைட்டையும் போட்டுடுங்க, நிழல் பார்த்தே மிரளுவாங்க. மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மேல தூங்க விடாதீங்க, மூணு மணிக்கு மேல காபி வேண்டாம். "இதான்பா வீடு"ன்னு வாதாடாதீங்க, ஜெயிக்கவே மாட்டீங்க. "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க"ன்னு கேளுங்க, பேசப் பேச அடங்கும். எங்க வீட்ல ஆறு மணிக்கு விளக்கேத்தற வேலைய மாமியார்கிட்டயே விட்டோம். புடவையில பத்திக்கும்னு பயந்து பேட்டரி விளக்கு வாங்கினேன், அதைப் பார்த்து "இது என்ன விளக்கு"ன்னு தினமும் திட்டுவாங்க, ஆனா வாசலுக்கு ஓடல!

கேள்வி: நல்லா இருந்த பாட்டி ரெண்டு நாளா ஒரேயடியா குழம்புறாங்க. நோய் முத்திடுச்சா?

பதில்: ரெண்டு நாள்ல அப்படி முத்தாது. மூத்திரத்துல இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், தண்ணி குடிக்காதது, புதுசா போட்ட சளி மாத்திரை, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம். இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

கேள்வி: மறதி நோய்க்குத் தர்ற டோனெபிசில் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி கெட்ட கனவு கண்டு அலறுறாங்க.

பதில்: அந்த மாத்திரைக்கு அது உண்டு. காலைல கொடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, நீங்களா மாத்தாதீங்க.

கேள்வி: இதுல எனக்குன்னு நேரம் எங்கக்கா?

பதில்: அதையும் ரொட்டீன்லயே சேர்த்துடுங்க. தினம் ஒரு மணி நேரம் தம்பியோ நாத்தனாரோ வந்து உட்காரட்டும், அவங்க வந்ததும் நீங்க வெளிய கிளம்பிடுங்க, வீட்லயே இருந்தா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. யாருமே இல்லன்னா முதியோருக்கான அரசு ஹெல்ப்லைன் எல்டர்லைன் 14567க்குப் போன் போட்டுக் கேளுங்க, காசு கிடையாது.