விண்வெளித் தொலைநோக்கியில் தினமும் என்ன வேலை நடக்கும்? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அதன் தரவைத் தொட முடியுமா?

கேட்டவர் கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவர். ராத்திரி முழுக்க யாராவது உட்கார்ந்து அதன் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்களா, ஒரு நாள் வேலை எப்படி நகரும், அந்தத் தரவு நம் கைக்கு எட்டுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

யாரும் பார்ப்பதில்லை தம்பி. திருப்பத்தூர், ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அங்கே மேகம் விலகினால் ஒரு முடிவு, மூடினால் இன்னொரு முடிவு என்று அந்த ராத்திரியிலேயே மாற்றிக்கொள்ளலாம். மேலே சுற்றும் தொலைநோக்கிக்கு அந்த வசதி கிடையாது. எங்கே திரும்புவது, எந்த ஃபில்டரைப் போடுவது, எந்த நொடியில் டிடெக்டருக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது, எல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்த கட்டளைகளாக எழுதி ஏற்றப்படுகிறது. விஞ்ஞானியின் உழைப்பு திட்டம் போடும்போதும், தரவு இறங்கிய பிறகும்தான். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க கட்டுப்பாட்டு மையத்து ஆட்களுடையது. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் மாறுவதுபோல அங்கேயும் 24 மணி நேரமும் ஷிஃப்ட் மாறும். அவர்கள் பார்ப்பது நட்சத்திரத்தை அல்ல. பேட்டரி, வெப்பநிலை, சக்கரங்களின் வேகம், மின்னழுத்தம் என்று ஓடும் எண்களை.

நமக்குப் பக்கத்திலிருந்தே இயக்கப்படும் இஸ்ரோவின் விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட்டை வைத்துச் சொல்கிறேன். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி30 ராக்கெட்டில் போனது. எடை 1,515 கிலோ. உயரம் சுமார் 650 கி.மீ. பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டும் சாய்ந்தது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 98 நிமிடம்.

அந்த 6 பாகையைக் கவனியுங்கள். கிருஷ்ணகிரி பன்னிரண்டரை பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் ஆஸ்ட்ரோசாட் ஒருநாளும் உங்கள் தலைக்கு நேர் மேலே வராது. எப்போதும் தெற்கு வானத்திலேயே மேற்கிலிருந்து கிழக்கே போகும். கணக்குப் போட்டால், உயரமாகப் போகும்போது அடிவானத்திலிருந்து 37 பாகை, தாழ்வாகப் போகும்போது 7 பாகை. பூமியும் அதே பக்கம் சுழல்வதால் மறுபடி நம் தெற்கே வர 105 நிமிடம் பிடிக்கும். நாளுக்கு 13 தடவைக்குக் குறையாது. பெங்களூரில் உள்ள இஸ்ட்ராக் (இஸ்ரோவின் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையம்) ஆன்டெனாவுக்கும் கிட்டத்தட்ட இதே வானம்தான். அது இப்படி வானத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கடப்பு. உயரமான கடப்பு என்றால் 10, 11 நிமிடம் பேசலாம். தாழ்வான கடப்பு நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் நாளுக்கு 10, 11 கடப்புகளில்தான் தரவு இறங்குகிறது. இரண்டு எக்ஸ் பேண்ட் அலைவரிசைகளில், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 105 மெகாபிட். 10 நிமிடக் கடப்பு முழுதாகக் கிடைத்தால் 15 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் கொட்டலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் உடல்நிலை சோதனை, புதுக் கட்டளை ஏற்றுவது, தரவு இறக்குவது மூன்றும் நடக்க வேண்டும்.

அடுத்தது திட்டம். எந்தப் பொருளை, எந்தக் கருவியால், எத்தனை ஆயிரம் நொடி பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விண்ணப்பிப்பார்கள். நேரம் ஒதுக்கும் குழு அதில் தேர்வு செய்யும். தேர்வானதை நாட்காட்டியில் பொருத்துவதில்தான் சிரமம் ஆரம்பம். புற ஊதாத் தொலைநோக்கியான யூவிஐடியின் அச்சு சூரியனிலிருந்து 45 பாகைக்கு உள்ளே வரக் கூடாது. காரணம் வெறும் வெளிச்சம் மட்டும் இல்லை. செயற்கைக்கோளின் பசை, பெயின்ட், கம்பி உறைகளிலிருந்து கசியும் ஆவி கண்ணாடிமேல் படிந்திருந்தால், சூரியனின் புற ஊதாக் கதிர் அதைக் கெட்டிப்படுத்திவிடும். அப்புறம் துடைக்க ஆள் போக முடியாது. ஏவி இரண்டு மாதம் காத்திருந்து, ஆவியெல்லாம் வெளியேறிய பிறகு, 2015 நவம்பர் 30 அன்றுதான் யூவிஐடியின் மூடியைத் திறந்தார்கள். அதேபோல அது பறக்கும் திசைக்கு நேராகவும் கண்ணாடியைக் காட்டக் கூடாது. 12 பாகை தள்ளியிருக்க வேண்டும். 650 கி.மீ. உயரத்திலும் கொஞ்சம் அணு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. அதில் நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் முகம் கொடுத்தால் பூச்சு அரித்துப்போகும்.

இதற்கு மேல் பூமியே ஒரு பெரிய தடை. அந்த உயரத்திலிருந்து பூமி சுமார் 130 பாகை அகலத்துக்கு வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சுற்றுப்பாதைத் தளத்தில் இருக்கும் நட்சத்திரம் ஒவ்வொரு சுற்றிலும் 35 நிமிடம் போல பூமிக்குப் பின்னால் மறையும்.

இப்போது ஒரே ஒரு சுற்றை எடுத்துப் பார்ப்போம். 98 நிமிடத்தில் நிழல் பக்கம் 35 நிமிடம். யூவிஐடி வேலை செய்வது அந்த இருட்டில் மட்டும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குள் மோட்டார் போட்டு நிலம் பாய்ச்சி முடிக்கிற தர்மபுரி விவசாயிக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும். நிழலுக்குள் நுழைந்ததும் உயர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வெளிச்சம் வரும் முன் இறக்கிவிட வேண்டும். போக, தென் அட்லான்டிக் பகுதிக்கு மேலே பூமியின் காந்தப்புலம் பலவீனமாக இருக்கும் இடத்தில் மின்னேற்றத் துகள்கள் மண்டிக் கிடக்கின்றன. பாதை அதன் வடக்கு ஓரத்தை உரசும் சுற்றுகளில் டிடெக்டர்களை அணைத்தே ஆக வேண்டும். துகள் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லவே சிபிஎம் என்று தனிக் கருவி இருக்கிறது. கடைசியில் ஒரு சுற்றுக்கு 20, 25 நிமிடம் கிடைத்தால் நல்ல சுற்று. 10,000 நொடி கேட்ட விண்ணப்பத்துக்கு 25 நிமிடம் வீதம் ஏழு சுற்று, அதாவது பதினொன்றரை மணி நேரம். விண்வெளித் தொலைநோக்கியின் உண்மையான தட்டுப்பாடு கண்ணாடியின் அளவு இல்லை, இந்த நிமிடங்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

அந்த 25 நிமிடத்துக்குள் யூவிஐடி என்ன செய்கிறது? ஏறத்தாழ 38 செ.மீ. கண்ணாடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி அது. ஒன்று 130 முதல் 180 நானோமீட்டர் வரையான தூரப் புற ஊதாவுக்கு. இன்னொன்றின் ஒளி, அண்மைப் புற ஊதா, கண்ணுக்குத் தெரியும் ஒளி என்று இரண்டாகப் பிரியும். டிடெக்டர் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும். முழுப் புலத்துக்கு (கருவிக்குத் தெரியும் வானப் பகுதி) நொடிக்கு சுமார் 29 சட்டகம், அதாவது ஃப்ரேம். ஒரே சட்டகத்தில் ஒரே இடத்தில் இரண்டு துகள் விழுந்தால் ஒன்றாகத்தான் எண்ணும். அதனால் பிரகாசமான நட்சத்திரம் உண்மையைவிட மங்கலாகப் பதிவாகும். அப்படிப்பட்டதை அளக்க வேண்டுமானால் சிறிய ஜன்னல் போட்டு நொடிக்குச் சட்டகங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்; புலம் சுருங்கிவிடும்.

இன்னொரு அழகான ஏற்பாடு உண்டு. செயற்கைக்கோள் சிலைபோல நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுக்கும் படங்களில் நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்தன என்று கிட்டத்தட்ட நொடிக்கு ஒருமுறை அளந்து, புற ஊதாவில் எண்ணிய ஒவ்வொரு துகளையும் அந்த அளவுக்குப் பின்னுக்கு நகர்த்தி வைப்பார்கள். இதைத் தரையில், கணினியில் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்றரை விகலை அளவு கூர்மை வருகிறது. ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் விகலை. நகர்வைத் திருத்தாமல் அப்படியே கூட்டினால் நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொள்ளும்.

தவறு நேரும் இடங்கள் பல. புலத்துக்குள் அளவுக்கு மீறிய பிரகாச நட்சத்திரம் இருந்தால் டிடெக்டர் சேதமாகும். அதனால் விண்ணப்பிக்கும்போதே புலத்தில் உள்ள நட்சத்திரங்களைச் சோதித்துக் காட்ட வேண்டும்; மேலே தானாக அணைக்கும் பாதுகாப்பும் உண்டு. யூவிஐடியின் அண்மைப் புற ஊதாப் பகுதி 2018 மார்ச்சில் வேலை செய்வதை நிறுத்தியது. அதற்குப் பிறகு தூரப் புற ஊதா மட்டும்தான். லாக்ஸ்பிசி எக்ஸ் கதிர் கருவியில் மொத்தம் மூன்று பெட்டிகள். ஒன்றில் வாயு கசிந்தது, ஒன்றில் சமிக்ஞைப் பெருக்கம் நிலையில்லாமல் போனது. இப்போது நம்பி எடுக்கக்கூடியது லாக்ஸ்பிசி 20 என்ற பெட்டி. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரைப் பார்க்கும் எஸ்எக்ஸ்டி கருவியின் சிசிடி டிடெக்டரை மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சூடேறினால் இரைச்சல் கூடும். ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிருக்கான சிஇசட்டிஐ கருவியில் ஒரு விண்கதிர் துகள் மோதினால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் கும்பலாகப் பல நிகழ்வுகள் பதிவாகும். அதை நீக்காமல் கணக்குப் பார்த்தால் ஏதோ வெடிப்பு நடந்ததுபோலத் தோன்றும். அதே கருவிக்கு ஒரு வரமும் உண்டு. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அதன் சுவர்களே ஊடுருவக்கூடியவை ஆகிவிடுவதால், நேரே பார்க்காத திசையில் நடக்கும் காமா கதிர் வெடிப்பையும் பிடித்துவிடும்.

திசை திருப்புவது ரியாக்‌ஷன் வீல் என்ற சக்கரங்களின் வேலை. சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்பும். சிறுசிறு வெளி விசைகளால் சக்கர வேகம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஆஸ்ட்ரோசாட், நாசாவின் ஹபிள் தொலைநோக்கி இரண்டும் மின்காந்தச் சுருள்களைப் பூமியின் காந்தப்புலத்தோடு மோதவிட்டு அதைக் குறைத்துக்கொள்ளும். 15 லட்சம் கி.மீ. தள்ளியிருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு அங்கே சாய்ந்துகொள்ளக் காந்தப்புலம் இல்லை. அது எரிபொருளைச் செலவழித்துத்தான் குறைக்க வேண்டும்.

ஹபிளில் அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கைரோக்கள்தான் தீராத தலைவலி. உள்ளே நிமிடத்துக்கு 19,200 சுற்று ஓடும் சக்கரம்; அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அது சுற்றியுள்ள திரவத்தில் அரித்து அறுந்துபோகும். 2024 ஜூனிலிருந்து ஒரே ஒரு கைரோவை வைத்துத்தான் இயக்குகிறார்கள். ஹபிளில் குறி நகராமல் பிடித்துவைக்க உதவும் வழிகாட்டி நட்சத்திரம் சிக்கவில்லை என்றால் அந்த நேரம் வீண். அடுத்த வேலை குறித்த நேரத்துக்குத்தான் தொடங்கும். வெப்பில் இதைத் திருத்திவிட்டார்கள். அதன் கட்டளைகள் நேரப்படி இல்லாமல் வரிசைப்படி ஓடும். ஒன்று தோற்றால் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விடும்.

தரவு எங்கே போகிறது என்றால், பெங்களூருக்குத் தென்மேற்கே பியாலாலுவில் இருக்கும் இஸ்ரோவின் தரவு மையமான ஐஎஸ்எஸ்டிசிக்கு. மூலத் தரவை அங்கே நேரம், திசை விவரங்களோடு கோத்து முதல் நிலைத் தரவாக்குவார்கள். பிறகு யூவிஐடி தரவு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கும் (காவலூரை நடத்துவதும் அவர்கள்தான்), லாக்ஸ்பிசி, எஸ்எக்ஸ்டி தரவு மும்பை டிஐஎஃப்ஆர் ஆய்வு நிறுவனத்துக்கும், சிஇசட்டிஐ தரவு புனேயின் அயுக்கா வானியல் மையத்துக்கும் போகும். ஒவ்வொரு குழுவும் டிடெக்டர் உணர்திறன் மாறியிருக்கிறதா என்று பழக்கமான பொருள்களை வைத்து அளந்துகொண்டே இருக்கும். எக்ஸ் கதிருக்கு நண்டு நெபுலா. யூவிஐடிக்கு எச்இசட் 4 என்ற வெள்ளைக் குறுமீன்.

இனி உங்கள் கைக்கு எட்டுமா என்ற கேள்வி. எட்டும். கண்டிப்பாக எடுத்துப் பாருங்கள். விண்ணப்பித்தவருக்கென ஒதுக்கிய தனிக்காலம் முடிந்ததும் தரவு பொதுவாகிவிடும். ஐஎஸ்எஸ்டிசி தளத்தில் ஆஸ்ட்ரோப்ரௌஸ் பக்கத்தில் பதிவு செய்து தேடலாம். முதலில் யூவிஐடியின் இரண்டாம் நிலைப் படம் (திருத்தங்கள் முடிந்து ஆய்வுக்குத் தயாரானது) ஒன்று, பக்கத்து விண்மீன் மண்டலமாகப் பார்த்து இறக்குங்கள். வானியலில் வழக்கமான ஃபிட்ஸ் வடிவக் கோப்பு அது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் திறக்கும், சாதாரண லேப்டாப் போதும். திறந்ததும் எல்லாம் கறுப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அளவுகோலை லாக் முறைக்கு மாற்றினால் சுருள் கைகளில் இளம் நட்சத்திரக் கொத்துகள் புள்ளி புள்ளியாக எழும். எக்ஸ் கதிர் தரவுக்கு லினக்ஸும் ஹீசாஃப்ட் என்ற ஆய்வு மென்பொருளும் வேண்டும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்குவது ஒரே இடத்தில். முதல் நிலைத் தரவு சுற்று வாரியாக வரும். ஒரு கடப்பில் இறங்கியதின் கடைசிப் பகுதி அடுத்த கடப்பிலும் மறுபடி இறங்கியிருக்கும். இரண்டு கோப்பையும் சும்மா கூட்டினால் அதே துகள்களை இருமுறை எண்ணியதாகிவிடும். அதற்கென்றே உள்ள இணைக்கும் நிரலை ஓட்டி, நல்ல நேர இடைவெளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இணைத்த கோப்பின் மொத்தப் பதிவு நேரத்தைத் தனித்தனிக் கோப்புகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணைத்தது குறைவாக வந்தால் சரி. இரண்டும் சமமாக வந்தால் இரட்டைப் பகுதி இன்னும் உள்ளேயே இருக்க வாய்ப்புண்டு. அதைச் சோதிக்காமல் ஒளி வளைவு (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) வரையாதீர்கள்.