கிப்வொர்த்தின் சண்டைகள்

அன்புள்ள சார்,

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஆறு வருடம் இருந்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு கிப்வொர்த்துக்குக் குடிவந்தோம். நகரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கிராமம் என்று பெயர்தான், நம் ஊர் கணக்கில் சின்ன டவுன். பையனுக்குப் பத்து வயது. 'என் ஊரின் வரலாறு' என்று நான்கு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். "இது நம்ம ஊரே இல்லையேம்மா, நான் எதுக்கு எழுதணும்?" என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே எவ்வளவு அமைதி தெரியுமா? ஆயிரம் வருடமாக மாறாத கிராமம் என்கிறார்கள். நம் ஊர் மாதிரி வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை, சாதிச் சண்டை எதுவும் இல்லை. தேவாலயம், கிரிக்கெட், கிறிஸ்துமஸ் சந்தை என்று எல்லாவற்றுக்கும் ஒன்றுகூடுகிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் மட்டும் ஒரு வேலிக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். குறை என்றால் அது ஒன்றுதான். நம் கிராமங்களுக்கு ஏன் சார் இப்படி ஒரு வரலாறு இல்லை? பையனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

கவிதா
கிப்வொர்த்

அன்புள்ள கவிதா,

ஒரு மாதமாக என் பெரியப்பாவின் நினைவாகவே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும்.

'ஆயிரம் வருடமாக மாறாத கிராமம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது வீடு விற்கிறவர்கள் பேச்சு. நீங்கள் இருக்கும் ஊர் மாறியதுபோல் மாறிய ஊர்கள் குறைவு. அதைவிட, சண்டையில்லாத ஊர் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. கிப்வொர்த்துக்கு இன்று வரலாறு என்று ஒன்று இருப்பதே அவர்கள் எழுநூறு வருடமாகச் சண்டை போட்டதால்தான். போட்ட சண்டையை ஒருவர் எழுதிவைத்தார். எழுதியதை இன்னொருவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.

உங்கள் ஊர் உண்மையில் இரண்டு ஊர். வடக்கே கிப்வொர்த் ஹார்கோர்ட், தெற்கே கிப்வொர்த் பீச்சம். இரண்டும் நார்மன் பிரபுக் குடும்பங்களின் பெயர்கள். பக்கத்திலேயே ஸ்மீட்டன் வெஸ்டர்பி இருக்கிறது. அதில் ஸ்மீட்டன் ஆங்கிலோ-சாக்சன் சொல், கொல்லர்கள் குடியிருப்பு என்று பொருள். வெஸ்டர்பியில் வரும் 'பி' டேனிஷ்காரர்கள் கொண்டுவந்தது. கடல் தாண்டி வந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. 'நம்ம ஊரே இல்லையே' என்று கேட்கும் பிள்ளைக்கு ஊர்ப் பலகையைக் காட்டினால் போதும். அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 1265-ல் ஈவ்ஷம் போரில், அரசரை எதிர்த்துக் கிளம்பிய பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் தோற்றுச் செத்தார். அவர் பக்கம் நின்ற ஹார்கோர்ட் குடும்பம் நொடித்துப்போனது. 1270-ஐ ஒட்டி அவர்களுடைய கிப்வொர்த் நிலத்தை வால்டர் டி மெர்ட்டன் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் தான் நிறுவிய மெர்ட்டன் கல்லூரிக்குச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து ஹார்கோர்ட் பக்கத்துக் குடியானவர்களுக்குப் பண்ணையார் ஒரு கல்லூரி. கல்லூரிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, பாகப்பிரிவினை கிடையாது, வீடு மாறுவதும் கிடையாது. வந்த கணக்கையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்தது. பீச்சம் பக்கம் வாரிக் பிரபுக்களான பீச்சம் குடும்பத்திடம் இருந்தது, பிறகு கைமாறியது. அங்கேயும் அதே அளவு மனிதர்கள் பிறந்து, உழுது, அடித்துக்கொண்டு செத்திருப்பார்கள். ஆனால் ஹார்கோர்ட்டின் குடியானவர்களை நாம் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது, பீச்சத்தில் அந்த அளவுக்கு முடியவில்லை. ஒரே மண், ஒரே மழை. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் இருந்தவை பண்ணை நீதிமன்றத்தின் சுருள்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, தலைப்பக்கம் சேர்த்துத் தைத்து, சுருக்கெழுத்து லத்தீனில் நெருக்கி எழுதியவை. யார் மாடு யார் பயிரை மேய்ந்தது, யார் வரப்பை வெட்டித் தள்ளினார், யார் அளவு குறைத்து பியர் விற்றாள், யார் மகளைக் கட்டிக்கொடுக்கப் பண்ணைக்கு எவ்வளவு பணம் கட்டினார் என்று இப்படிப்பட்ட சுருள்கள் முழுக்க அதுதான். ஆமாம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பண்ணைக்குப் பணம் கட்டவேண்டும். இவர்களில் பெரும்பாலோர் கொத்தடிமைக் குடிகள். கேட்காமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. இதை நம் சாதிக் கொடுமையோடு ஒன்றாக வைத்துப் பேச மாட்டேன், அது வேறு நரகம். ஆனால் ஒற்றுமையான அழகிய கிராமம் என்று நீங்கள் எழுதியதற்குக் கீழே இவர்கள் கிடக்கிறார்கள்.

1349-ஆம் வருடச் சுருளுக்கு வாருங்கள். கொள்ளைநோய் வந்த வருடம். அந்த ஒரு வருடத்தில் ஹார்கோர்ட்டில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நிலக்குத்தகைக்காரர்கள் செத்தார்கள். இங்கிலாந்தில் கணக்குக் கிடைத்த கிராமங்களிலேயே மிக மோசமான சாவு இங்கேதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இந்த எண்ணிக்கையில் குத்தகைக்காரரின் மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, நிலமில்லாத கூலிக்காரர்கள் இல்லை. வீட்டுக்கு வீடு பிணம் கிடக்கும்போதும் நீதிமன்றம் கூடியிருக்கிறது. எழுத்தர் உட்கார்ந்து பெயர் பெயராக எழுதியிருக்கிறார். இன்னார் இறந்தார், அவர் நிலம் பண்ணைக்குத் திரும்பியது. அடுத்த பெயர். இரக்கப்பட்டு எழுதியதில்லை. குத்தகை யாரிடம் வசூலிப்பது என்று கல்லூரிக்குத் தெரியவேண்டும், அதற்காக எழுதியது. ஆனால் அந்த மனிதர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்கு ஒன்றுதான் சாட்சி. வரவுசெலவுக்காக எழுதிய வரிதான் அவர்களுக்கு ஒப்பாரியாக மிஞ்சியிருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்று கேட்பீர்கள்.

என் பெரியப்பா கர்ணமாக இருந்தவர். 1980 கடைசியில் அந்தப் பதவியையே அரசாங்கம் எடுத்துவிட்டது. அடங்கல், சிட்டா என்று சர்க்கார் கணக்கையெல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர்தான். வீட்டில் மிஞ்சியது அவர் தனக்காக எழுதிவைத்த நோட்டுகள். நீளவாட்டில் தைத்து, பழுப்புத் துணியில் கட்டிய பதினோரு கட்டு. யார் மடையை யார் ராத்திரியில் திறந்தார், எந்தப் பஞ்சாயத்தில் யார் எழுந்து போனார், சேரிப் பக்கம் போகவேண்டிய தண்ணீரை யார் மறித்தார், எல்லாம் தேதியோடு இருந்தன. சர்க்கார் கணக்கில் ஏற்ற முடியாததை அதில் ஏற்றியிருந்தார். அவர் போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, "இந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாடா" என்றார்கள். நான்தான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, இரண்டு நடையாகக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். கடைக்காரர் துணியை அவிழ்த்துவிட்டுக் காகிதத்தை மட்டும் தராசில் வைத்தார். துணியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதை மடித்து எடுத்துவந்தது இன்றும் கையில் இருப்பது மாதிரி இருக்கிறது.

நம் கிராமங்களுக்கு ஏன் வரலாறு இல்லை என்று நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். இருந்தது அம்மா. நான் எடைக்குப் போட்டேன்.

கிப்வொர்த்துக்கு நான் ஒருமுறை வந்திருக்கிறேன். லெஸ்டரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது பஸ் பிடித்து வந்தேன். அங்கே ஒரு பெரியவர் பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து காட்டினார். 2009-ல் உங்கள் ஊரார் தங்கள் வீட்டுக் கொல்லைகளிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட சோதனைக் குழிகளைத் தோண்டினார்கள், ஒரு தொலைக்காட்சி வரலாற்றுத் தொடருக்காக. நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர். பத்துப் பத்து சென்டிமீட்டராக இறங்கி, மண்ணைச் சலித்து, ஒவ்வோர் அடுக்கில் கிடைத்ததையும் தனித்தனிப் பையில் போடவேண்டும். அதில் தன் பங்கை அவர் டின்னில் வைத்திருந்தார். களிமண் புகைக்குழாய்த் துண்டுகள், நீலக் கோடு போட்ட பீங்கான், ஓர் ஆணி. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பானை ஓட்டுத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் மங்கிய பச்சைப் பூச்சு. மறுபக்கம், வனைந்தவர் விரல் அழுத்திய பள்ளம். என் விரலை வைத்தேன். சரியாகப் பொருந்தவில்லை, அவருடைய விரல் என்னுடையதைவிடச் சின்னது.

இப்படிக் கிழக்கு இங்கிலாந்து முழுவதும் கிராமம் கிராமமாகத் தோண்டிய குழிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. கொள்ளைநோய்க்குப் பிந்திய அடுக்குகளில் பானை ஓடுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. பானை உடைக்கக்கூட ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் பிழைத்தவர்களை யாரும் அடக்கிவைக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உழ ஆள் இல்லாமல் நிலம் தரிசு கிடந்தது. இந்தக் குத்தகைக்கு எடுக்க மாட்டோம், அடிமைக் குடி என்று எழுதினால் கையெடுத்து வாங்க மாட்டோம் என்று ஹார்கோர்ட்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். வருடக்கணக்கில் இழுத்த சண்டை அது. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்லூரி இறங்கிவந்தது. குத்தகை குறைந்தது, ஏட்டிலிருந்து அந்தச் சொல்லும் போனது. படித்தவர்கள் நிறைந்த ஒரு கல்லூரியைக் கைநாட்டுக் குடியானவர்கள் பணியவைத்த ஊரில் குடியிருந்துகொண்டு, அமைதி அமைதி என்று எழுதுகிறீர்களே!

1779-ல் பொதுவயல்களை அளந்து வேலி போட்ட கதையை நீங்கள் நடந்தே பார்க்கலாம். அதற்கு முன் உழவு நிலமெல்லாம் நீளநீளக் கீற்றுகளாக எல்லோர் கையிலும் கலந்து கிடந்தது. வேலி வந்தபின் பெரும்பகுதி புல்வெளியானது, அதனால்தான் பழைய உழவின் தடம் அழியாமல் புல்லுக்கடியில் அப்படியே இருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் ஊருக்கு வெளியே போய்ப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக வரிவரியாக நிழல் விழும். வரிகள் நேராக இருக்காது, முனைகளில் மெல்ல வளைந்திருக்கும். எட்டு மாடு வரை பூட்டிய ஏரைத் திருப்ப இடம் வேண்டுமே, அந்த வளைவு அது. நீங்கள் 'வேலி' என்று லேசாக எழுதிய சொல்லுக்கு அந்த மண்ணில் எவ்வளவு கனம் என்று அப்போது தெரியும். நிலம் போன பலர் காலுறை பின்னும் தறிக்குப் போனார்கள். தறி சொந்தமில்லை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல் தறி வாடகை கட்டவேண்டும். லெஸ்டர்ஷைரில் ஏழ்மைக்கே காலுறைக்காரனைத்தான் உவமை சொன்னார்கள்.

கால்வாய், 1857-ல் வந்த ரயில், 1968-ல் மூடிய ஸ்டேஷன், இங்கே பிறந்த அன்னா பார்போல்டு என்ற கவிஞர், இதையெல்லாம் பையன் நூலகத்தில் பார்த்துக்கொள்ளட்டும். ஹார்கோர்ட்டின் மரக் காற்றாலைக்கு மட்டும் அழைத்துப்போங்கள். அந்த மாவட்டத்தில் மிஞ்சிய ஒரே தூண் காற்றாலை அது, ஒற்றைத் தூணின்மேல் ஆலை முழுவதும் காற்றுக்கேற்பத் திரும்பும். 1711 என்று மரத்தில் வெட்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் சந்தை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, நான்கு பக்கம். இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஹார்கோர்ட்டுக்கும் பீச்சத்துக்கும் இன்றும் தனித்தனி ஊர்மன்றம். கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நாய் அசிங்கம், வண்டி நிறுத்தும் தகராறு, புது வீடுகள் கட்டலாமா கூடாதா என்றுதான் எங்கேயும் பேச்சு இருக்கும். ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். பையனை ஒருநாள் கூட்டிப்போங்கள், எழுதுகிறவர் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் தெருவில் பேசிக்கொள்ளாத அந்த இரண்டு வீட்டுக்கும் அவனை அனுப்புங்கள். பெரியவர்கள் கேட்டால் விரோதமாகும், பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வார்கள். அந்த வேலியை யார் நட்டது, எந்த வருடம், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்கட்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. இரண்டையும் எழுதட்டும். வேலியின் நீளத்தை அடி போட்டு அளக்கட்டும். அவர்கள் சம்மதித்தால் பெயரையும், எழுதிய தேதியையும் போடச் சொல்லுங்கள். மதிப்பெண் வந்தபிறகு அந்தத் தாள்களைப் பள்ளியிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள். கட்டிவைக்கத் துணி என்னிடம் இருக்கிறது.