மனிதன் முன் கூனாத தாழ்மை: எல்லைப்புறச் சபையார் கேட்டவை

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள சபைகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு நடத்திவரும் சபை மூப்பர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். பேசிய கூலியைத் தோட்டக்காரர் குறைத்துவிட்டார். "விசுவாசி பொறுத்துப் போக வேண்டும்" என்கிறார்கள் வீட்டில். வாய் திறக்காமல் இருப்பதுதான் தாழ்மையா? (அருமனை)

பதில்: இல்லை தம்பி, கூலியைக் கேள். கர்த்தருக்கு முன்பாகத் தாழ்மைப்படுங்கள் என்று எழுதிய யாக்கோபு, அடுத்த அதிகாரத்திலேயே, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய செவியில் விழுந்தது என்கிறார் (5:4). இயேசுவைப் பிரதான ஆசாரியன் முன்னிலையில் ஒரு சேவகன் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை, ஆனால் "நான் பேசியது நியாயமானால் ஏன் என்னை அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). கேட்காமல் விடவில்லை.

நம் மண்ணில் இதை மறக்கவே கூடாது. தென்திருவிதாங்கூரில் நம் முன்னோர் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. அந்தத் தாழ்வைச் சுமத்தியவன் மனிதன். 1806-இல் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் பெருகிய சபைகளில் கடவுளுக்கு முன் முழந்தாளிட்ட பெண்கள்தான் மேலாடையோடு தெருவில் நடந்தார்கள், அடியும் பட்டார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசு அனுமதி தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற தடையோடுதான் தந்தது. அந்தத் தாய்மாரைத் தாழ்மை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே, எத்தனை மரம் வெட்டினாய், மழையால் எத்தனை நாள் வெட்டு நின்றது, என்ன கூலி பேசினீர்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேள். ஏசினால் திருப்பி ஏசாதே. உன் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். கத்தி ஆழமாகப் போனால் தடியில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; அது உனக்குத் தெரியாததில்லை. யாரும் எட்டிப் பார்க்காத கடைசி வரிசை மரத்தையும் வீட்டு முற்றத்து மரத்தைப் போலவே வெட்டு. சிரட்டைப் பாலில் தண்ணீர் சேர்க்காதே. கர்த்தருக்கென்று வேலை செய்வது அதுதான்.

கேள்வி: வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலையைப் பெருந்தொகைக்கு எடுத்தேன். மைக்கில் என் பெயரைச் சொன்னபோது மனம் குளிர்ந்தது. பாவமா? (குழித்துறை)

பதில்: கொடுத்தது நல்ல காரியம். அந்தச் சந்தோஷத்தைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் சொல்லாவிட்டாலும் அதே தொகையைக் கொடுத்திருப்பீர்களா? அதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை அதே தொகையை உறையிலிட்டு, பெயர் எழுதாமல் காணிக்கைப் பையில் போட்டுப் பாருங்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரம் சொல்வது இவ்வளவுதான்.

கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. ஏலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தவர் பெயரையும் தொகையையும் முழங்குவது வேண்டவே வேண்டாம். நாலு நாட்டுக்கோழி முட்டையைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, பீடத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போகிற பாட்டியை அந்த நேரத்தில் யாராவது பார்க்கிறோமா? காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆண்டவர், இரண்டு காசு போட்ட விதவையைத்தான் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கேள்வி: சபைத் தேர்தலில் நிற்கலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: நில்லுங்கள். தோற்றால் அடுத்த ஞாயிறே வந்து, வென்றவருக்காக ஜெபிக்க முடியும் என்றால் நில்லுங்கள். ஓட்டுக்குப் பணமோ விருந்தோ கொடுக்கும் நிலை வந்தால் அன்றே விலகிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் தமிழில் ஜெபிக்கிறோம்; சபையில் ஆராதனை மலையாளம். நான் தமிழில் ஜெபித்தால் பிள்ளைகளே கூசுகிறார்கள். மாறிக்கொள்வதுதான் தாழ்மையா? (பாறசாலை)

பதில்: 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, உங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் இரண்டு மாநிலத்தில் ஆயின. அதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை அம்மா. பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் பேசியதை அவரவர் தத்தம் பாஷையில் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு உங்கள் பாட்டி ஜெபித்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுங்கள். சபையிலோ பக்கத்தில் நிற்பவரோடு மலையாளப் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். இரண்டையும் செய்யலாம்.

கேள்வி: என் கணவர் பைக் விபத்தில் கால் இழந்து படுத்திருக்கிறார். "உங்களைத் தாழ்த்தவே கடவுள் அடித்தார், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னார். தூக்கமில்லை. (பளுகல்)

பதில்: மகளே, அந்தச் சொல்லை நீ சுமக்க வேண்டாம். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் இதைத்தான் சொன்னார்கள். கடைசியில் கடவுள், நீங்கள் என்னைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபப்பட்டார் (42:7). முறையிட்டு அழுத யோபுவின்மேல் அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களிடம், இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றார் இயேசு. பிறர் துன்பத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று பேசுவதே பெருமை. அந்தச் சகோதரர் அதை உணர வேண்டும்.

பேதுரு, கடவுளுடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள் என்று சொன்ன கையோடு, உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்கிறார் (1 பேதுரு 5:6, 7). உனக்கு இப்போது தாழ்மை என்றால் அதுதான்: இனி என்னால் முடியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுவது. கோபம் வந்தால் அதையும் சொல். சங்கீதங்களில் பாதிக் கண்ணீர்தான். வாரம் ஒரு நாள் உன் கணவருக்குத் துணை இருக்க இரண்டு பேரை அனுப்பும்படி போதகரிடம் கேள், கேட்பதற்கு வெட்கப்படாதே.

கேள்வி: தாழ்மை என்பது கோழைத்தனம் என்கிறான் என் நண்பன். (கல்லூரி மாணவர், நட்டாலம்)

பதில்: உங்கள் ஊர்க்காரரையே காட்டு, தம்பி. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர் தேவசகாயம். 1745-இல் திருமுழுக்குப் பெற்றபின் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நான் வேறு சபைக்காரன். ஆனாலும் அவர் பெயரைச் சொல்லும்போது தலை வணங்குகிறேன்.

கேள்வி: வழித் தகராறில் அண்ணனோடு பேச்சில்லை. நிலத்தை அளந்ததில் நியாயம் என் பக்கம் என்று தெளிவாகிவிட்டது. நான்தான் போய்த் தாழ வேண்டுமா? (கொல்லங்கோடு)

பதில்: அளந்தது அளந்தபடியே இருக்கட்டும், பத்திரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மத்தேயு 5:23, 24 நியாயம் யார் பக்கம் என்று கேட்கவில்லை. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறது. போகும்போது நிலக் காகிதத்தைக் கொண்டுபோகாதீர்கள். மதினியின் நலம் விசாரியுங்கள், பேசாமல் இருந்தது தப்பு என்று சொல்லுங்கள். அவர் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், இன்னொரு நாள் போங்கள். திருவிருந்து ஞாயிறு வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே போய்விடுங்கள்.