மட்டக்களப்புக்கு வாறவர்களுக்குச் சுற்றுலாத் தகவல் நிலையத்தால் என்ன பயன்? எல்லாமே போனில் இருக்கிறதே?

இடங்களின் பட்டியல் போனில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் உங்களுக்கு எது சரிவரும், எதை இந்த முறை விடலாம் என்பதை ஊரில் இருப்பவர்தான் சொல்ல முடியும். மட்டக்களப்பில் அப்படியொரு தகவல் மேசையில் வேலை செய்பவள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் கேட்பது, "எந்த மாசம் வாறீங்க?" பாசிக்குடாக் கடற்கரையில் குளிப்பதற்கும், 1942 இல் ஜப்பானியர் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைச் சுழியோடிப் பார்ப்பதற்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல காலம். மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கும். அப்போது வாறவர்களைக் கோட்டைக்கும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கும் அனுப்புவோம். ஆடி அமாவாசையென்றால் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா, சனம் நிறைய வரும். அறையை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வோம்.

கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காலையில் பாசிக்குடா, மத்தியானம் அறுகம்பே, இரவு கல்லடிப் பாலத்தில் பாடுமீன் (வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வருவதாகச் சொல்லும் பாட்டுப்போன்ற ஒலி) கேட்பது என்று ஒரே நாளுக்கு எழுதி வைத்திருந்தார்கள். கூடவே முழங்கால் வருத்தத்தோடு ஒரு வயதான அம்மா. வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பாசிக்குடா நகரத்துக்கு வடக்கே, அறுகம்பே தெற்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். "இந்த முறை அறுகம்பேயை விடுங்க அக்கா" என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பாசிக்குடாவில் தண்ணீர் ஆழமில்லாமல் கனதூரம் போகும், அவரும் கால் நனைக்கலாம். நேரே அங்கே போகிறவர்கள் கொழும்பு ரயிலில் வாழைச்சேனையிலேயே இறங்கலாம். மட்டக்களப்புவரை வந்து திரும்பிப் போகத் தேவையில்லை. இதையெல்லாம் வரமுன்னரே கேட்டிருந்தால் அவர்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கும்.

பாடுமீனைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுவோம். காற்றடங்கிய முழுநிலவு இரவில், தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். கட்டாயம் கேட்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டோம். கேட்காமல் போனாலும் நிலவில் வாவியைப் பார்க்கவே போகலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே வரமுன் ஒருமுறை போன் எடுங்கள். எந்த மாதம், எத்தனை நாள், முக்கியமாக யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். கைக்குழந்தையோ நடக்கச் சிரமப்படுபவரோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் அடுக்கவேண்டும்.