அயலார் அடுப்பு: சுண்ணாம்பு போடாவிட்டால் ரொட்டி உடையும்

கே: டீச்சர், மெக்சிகோவின் டோர்ட்டியா ரொட்டி செய்யலாம் என்று கார்ன்ஃப்ளார் வாங்கினேன், பசையாகிவிட்டது. அடுத்து மில்லில் மக்காச்சோளம் அரைத்து வந்து பிசைந்தேன். தட்டும்போதே ஓரமெல்லாம் வெடிக்கிறது, கல்லில் போட்டுத் திருப்பினால் உடைந்து போகிறது. இரண்டு கரண்டி மைதா போடு, சரியாகிவிடும் என்கிறாள் தோழி. போடலாமா?
– கல்லூரி மாணவி, கரூர்

ப: மைதா வேண்டாம்மா. உன் கைப்பக்குவத்தில் குறை இல்லை, சுண்ணாம்பு போடாததுதான் குறை.

கடையில் கார்ன்ஃப்ளார் என்று கிடைப்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து மட்டும். சூப்பைக் கெட்டியாக்க ஆகும், ரொட்டிக்கு ஆகாது. மில்லில் அரைத்து வந்தது முழு மாவுதான். ஆனால் கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் அதில் கிடையாது, அதனால் எவ்வளவு பிசைந்தாலும் சேராது. மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் டோர்ட்டியாவுக்குக் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்குவதில்லை. சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைப்பார்கள். அதே தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறும். காலையில் கழுவி ஈரத்தோடு அரைப்பார்கள். வெந்து ஊறிய மணிக்கு நிஷ்டமால் என்றும், அரைத்த மாவுக்கு மாசா என்றும் பெயர். சுண்ணாம்பு மேல்தோலைக் கரைத்துக் கழற்றிவிடுகிறது, மாவை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளவும் வைக்கிறது. அரைக்கிற கல்லுக்கு மெடாட்டே என்று பெயர். எரிமலைக் கல்லில் மூன்று கால் வைத்துச் செதுக்கிய சாய்வான அம்மி அது. பெண்கள் மண்டியிட்டு அரைப்பார்கள். இப்போது பல ஊர்களில் ஈர மில் வந்துவிட்டது; வாளியில் நிஷ்டமாலைக் கொண்டுபோய் அரைத்து வருகிறார்கள்.

ஒட்டுவதற்காக மட்டும் இருந்தால் மைதா போட்டுக்கொள் என்று நானும் சொல்லியிருப்பேன். இதில் உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற பி வைட்டமின் உண்டு. அது நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் மக்காச்சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அதைச் சமைத்து வந்த பெண்கள் சுண்ணாம்பு ஏன் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை. வெறும் மக்காச்சோளக் கூழே உணவாகிப்போன ஏழை விவசாயிகளுக்குத் தோல் தடித்து உரிந்தது, வயிற்றுப்போக்கு கண்டது, கடைசியில் சித்தம் கலங்கியது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அந்த நோயை எழுதி வைத்தார். இத்தாலியில் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆராய்ந்து, இது சாப்பாட்டுக் குறையால் வருவது என்று காட்டினார். 1937இல்தான் நயாசின் இதற்கு மருந்து என்பது தெளிவானது. நிஷ்டமால் சாப்பிட்ட மெக்சிகோ கிராமங்களில் இந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவே இல்லை. ஒரு தானியத்தை வாங்கிக்கொண்டு அதன் பக்குவத்தை விட்டுவந்ததற்குக் கொடுத்த விலை இது. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வரும்.

இனி செய்முறை. முற்றிக் காய்ந்த மக்காச்சோளம் அரைக் கிலோ எடுத்துக்கொள். ஸ்வீட் கார்ன் ஆகாது. விதைக்கு மருந்து கலந்து விற்பதைத் தொடவே தொடாதே. வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனை சேர்க்காதது, ஒரு டீஸ்பூன். சுவருக்கு அடிப்பது வேண்டாம். சுண்ணாம்பை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவை. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். ஒரு மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். அடுப்பை அணைத்து, மூடி, மறுநாள் காலை வரை விடு. பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி, தோலைத் தேய்த்துப் போக்கு. கிரைண்டரில் ஆட்டினால் தண்ணீர் அதிகம் கேட்கும், மாவு தளர்ந்துவிடும். மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பூன் கணக்கில் தண்ணீர் தெளித்து அரை. வீட்டில் அம்மி இருந்தால் கடைசியாக அதில் ஒரு இழுப்பு இழுத்துவிடு. எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பாலிதீன் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டால் அழுத்து. ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, தாளில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் சுடு.

கே: நாங்கள் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) உரித்து, வேகவைத்து, மீன்கறியோடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆப்பிரிக்காவில் இதே கிழங்கைத் துருவி, மூட்டை கட்டி, நாள்கணக்கில் புளிக்கவைத்து, பிறகு வறுக்கிறார்களாம். ஒரு கிழங்குக்கு எதற்கு அம்மா இவ்வளவு பாடு?
– மார்த்தாண்டம் வாசகர்

ப: கிழங்கில் இரண்டு சாதி உண்டு, ஐயா. உங்கள் வீட்டு அடுப்பில் வேகிறது இனிப்பு வகை. ஆப்பிரிக்காவில் பல இடங்களிலும், கிழங்கின் தாயகமான அமேசான் பகுதியிலும் பெரிதும் பயிராவது கசப்பு வகை. பூச்சியும் விலங்கும் அதை லேசில் தொடாது. காரணம், திசு நசுங்கினால் சயனைடு விடும் பொருள் அதில் மிக அதிகம். துருவுவது அந்தப் பொருளை நொதியோடு சேர்த்து உடைப்பதற்கு. மூட்டையில் பாரம் வைப்பது சாற்றை வெளியேற்ற. புளிக்கவிடுவதும் வறுப்பதும் மிச்சத்தைப் போக்க. மேற்கு ஆப்பிரிக்காவில் காரி என்ற ரவை போன்ற உணவு இப்படித்தான் உருவாகிறது. அமேசானில் திப்பித்தி என்ற நீளப் பின்னல் குழாய் வைத்திருக்கிறார்கள். துருவலை உள்ளே அடைத்துத் தொங்கவிட்டு இழுத்தால் குழாய் ஒடுங்கிச் சாறு வடியும். அந்த விஷச் சாற்றையும் கொட்டிவிடாமல் நெடுநேரம் கொதிக்கவைத்து துக்குப்பி என்ற குழம்பாக்குகிறார்கள், பிரேசிலின் பாரா மாநிலத்தில்.

இந்தப் பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதும் நடந்திருக்கிறது. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. கசப்புக் கிழங்கு மட்டும் தாக்குப்பிடித்தது, பசி பொறுக்கவில்லை, வெயிலில் காயவைக்கும் நாள்களைச் சுருக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திடீரென்று கால்கள் விறைத்து முடங்கின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கொன்சோ என்கிற அந்த முடக்கம் திரும்பச் சரியாவதில்லை.

உங்கள் வீட்டு வழக்கத்திலும் காரணம் இருக்கிறது. முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறீர்கள் இல்லையா? அந்த வழக்கத்தை விடாதீர்கள். மீன்கறியையும் விடாதீர்கள். உள்ளே போகிற கொஞ்சநஞ்சத்தை உடம்பு மாற்றி வெளியேற்றக் கந்தகம் கொண்ட புரதம் வேண்டும், மீனில் அது உண்டு. சேலத்துக்காரர்கள் இதையே குச்சிக்கிழங்கு என்று ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆலைக் கிழங்கை வீட்டுக்கு வாங்கி வேகவைக்க வேண்டாம்.

கே: எத்தியோப்பியாவில் புளித்த மாவில் தோசைபோல் சுடும் இஞ்சிராவை டெஃப் என்ற தானியத்தில்தான் செய்ய வேண்டுமாம். இங்கே அது கிடைக்காது. எங்கள் ஊரில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. கேழ்வரகில் செய்தால் அது போலி இஞ்சிரா ஆகிவிடுமா?
– இல்லத்தரசி, தருமபுரி

ப: ஆகாது! இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கேழ்வரகின் பிறப்பிடமே எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டுநிலம்தான். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து நம்மிடம் வந்தது. எண்பதுகளில் என் கணவர் எத்தியோப்பியாவின் பஹிர் தார் ஊரில் பள்ளி ஆசிரியர். அப்போது அந்த நாட்டுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர். தானா ஏரிக் கரையில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு அம்மா டகுசா என்று ஒரு மாவைக் காட்டினார். கையில் எடுத்ததுமே கேழ்வரகு என்று தெரிந்துவிட்டது. டெஃப் விலை ஏறும் நாள்களில் அதையும் சோளத்தையும் கலந்துதான் அங்கே பல வீடுகளில் இஞ்சிரா. அவரிடம் பாஷை தெரியாமலே கற்றுக்கொண்டேன்.

கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, வெள்ளைச் சோள மாவு ஒரு பங்கு. தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். அந்த ஊர்க் குளிரில் மூன்று நாள் ஆகும், உங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு போதும். மேலே மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை இறுத்துக்கொள்ளுங்கள், கொட்ட வேண்டாம். எர்ஷோ என்ற அந்தத் தண்ணீர்தான் அடுத்த மாவுக்கு உறை. ஒரு டம்ளர் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுமுறை சீக்கிரம் புளிக்கும்.

அடுத்த படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடி மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் கஞ்சியாகக் கிண்டி, ஆறவிட்டு, மாவிலேயே திரும்பக் கலக்க வேண்டும். இதற்கு அப்சித் என்று பெயர். பசைப்புரதமே இல்லாத மாவு குமிழிகளைத் தாங்குவது இந்தக் கஞ்சியின் பலத்தால். கேரளத்தில் பாலப்பத்துக்கு இதே வேலையைச் செய்கிறார்கள், அங்கே கப்பி காய்ச்சுவது என்பார்கள். கலந்தபின் மாவு பொங்கி நுரைக்கும்வரை காத்திருங்கள். பொறுமையில்லாதவர்கள் சோடா உப்பு போடுகிறார்கள். கண் கண்ணாக ஓட்டை விழும், புளிப்பு விழாது. இஞ்சிராவின் ருசியே அந்தப் புளிப்புதானே?

தோசையை நடுவிலிருந்து வெளியே தேய்க்கிறோம். இதை வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு ஊற்ற வேண்டும், கரண்டி மாவைத் தொடக்கூடாது. மேலே கண்கள் திறந்ததும் மூடிவிடுங்கள். திருப்பிப் போடுவதில்லை. ஓரம் தானாக எழும்பியதும் எடுத்து, துணியில் ஆறவிட்டு, பிறகே ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள்.

கே: கொரியாவில் காய்கறியைப் புளிக்கவைத்துச் செய்யும் கிம்சியை மீன் சாஸ், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லாமல் செய்ய முடியுமா? பெருங்காயம் போட்டுச் சரிக்கட்டலாமா?
– ஸ்ரீரங்கம் வாசகி

ப: முடியும். கொரியாவின் பௌத்த மடங்களில் நெடுங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள், மாமி. மீனும் இல்லை, பூண்டு வெங்காய வகையும் இல்லை. ஆனால் பெருங்காயம் வேண்டாம். பௌத்த மரபு விலக்கும் ஐந்து கார வாசனைப் பொருள்களின் பட்டியலில் பூண்டோடு பெருங்காயமும் சேர்ந்திருக்கிறது!

முட்டைக்கோஸைவிட முள்ளங்கி உங்களுக்குச் சுலபம். சின்னச் சதுரமாக நறுக்கி உப்பில் பிசறி ஒரு மணி நேரம் விட்டு நீரை வடியுங்கள். அரிசிமாவுக் கஞ்சி கொஞ்சம் காய்ச்சி ஆறவையுங்கள். புளிக்கவைக்கும் நுண்ணுயிருக்கு அது தீனி. விதை நீக்கிய பியாடகி மிளகாயைக் கொரகொரப்பாகப் பொடித்து, இஞ்சி, துருவிய பேரிக்காயோடு கஞ்சியில் கலந்து முள்ளங்கியில் பிசறுங்கள். குண்டு மிளகாய் அளவு காரம் கூடாது, நிறம்தான் முக்கியம். பாட்டிலில் அமுக்கி ஒரு நாள் வெளியே, பிறகு ஃபிரிட்ஜ். மிளகாயே இல்லாத வெள்ளைக் கிம்சியும் உண்டு. கொரியாவுக்கு மிளகாய் வந்ததே 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில்தான். கிம்சி அதற்கு எவ்வளவோ முந்தியது.

கே: எனக்கு வெளிநாட்டுச் சமையலில் ஆசை. அப்பாவுக்கு எண்பது வயது, சோறும் பருப்பும் தவிர எதையும் தொடமாட்டார். அவருக்காகத் தனியாக உலை வைத்து அலுத்துவிட்டது. எதிலிருந்து தொடங்குவது?
– மதுரை வாசகர்

ப: அவருக்குப் பிடித்த பருப்பிலிருந்தே தொடங்குங்கள் தம்பி. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பு என்று வருஷத்தில் பாதிக்கு மேல் இறைச்சியும் பாலும் நெய்யும் தொடுவதில்லை. அந்த நாள்களுக்காகவே பிறந்த பருப்புக் குழம்புகளில் ஒன்று மிசிர் வொத். நாங்கள் அங்கே போன புதிதில் அசைவம் சாப்பிடாத என் மாமியார் மனசார உண்ட முதல் அயல் பதார்த்தம் அதுதான்.

சின்ன வெங்காயமானாலும் பெரிய வெங்காயமானாலும் தாராளமாக, மிகப் பொடியாக நறுக்குங்கள். எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் போட்டு, ஒட்டும்போது தண்ணீர் தெளித்து, கூழாகக் குழையும்வரை சிறுதீயில் கிளறுங்கள். நம் தாளிப்பு வழக்கத்தில் எண்ணெயை முதலில் ஊற்றினால் வெங்காயம் முறுகிவிடும், குழம்புக்கு உடம்பு சேராது. குழைந்தபின் எண்ணெய், இஞ்சி பூண்டு, பெர்பெரெ பொடி. இந்தப் பொடியை வீட்டில் செய்யலாம்: மிளகாய், கொத்தமல்லி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், ஏலக்காய், சுக்கு, எல்லாம் வறுத்து அரைத்தது. கருப்பு ஏலக்காய் போட்டால் புகை வாசம் ஏறும், பச்சையே போதும். பொடி எண்ணெயில் வதங்கி நிறம் மாறியதும் மைசூர் பருப்பும் வெந்நீரும் சேர்த்துக் கரைய வேகவிடுங்கள்.

முதல் நாள் பேர் சொல்லாமல் சோற்றில் ஊற்றுங்கள். பொடியைப் பாதி அளவில் போடுங்கள், அவர் வயிற்றுக்கு அது போதும்.