திரையில் தெரியும் பெயர் யார் வைத்தது?

கேள்வி: அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியை நான் வைத்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் நான் அழைத்தால் சிலருக்கு ‘சீட்டுக்கார அக்கா’ என்று வருகிறதாம். சீட்டு நடத்துவதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. – வாசகி, திருச்சி

பதில்: உங்களிடம் சீட்டுப் போட்ட யாரோ அந்தச் செயலியை வைத்திருப்பார், அது போதும். 2009-ல் ஸ்வீடனில் தொடங்கிய இந்தச் செயலிக்கு இன்று மிகப் பெரிய சந்தை இந்தியாதான். இந்த வகைச் செயலிகள் காட்டும் பெயர்களை எந்த அதிகாரியும் சரிபார்த்து எழுதவில்லை. யாரோ தன் போனில் பதிந்து வைத்தது, யாரோ ‘இவர் இன்னார்’ என்று தட்டிவிட்டது, இப்படிச் சேர்ந்த பட்டியல் அது. ‘தொடர்புகளைப் பார்க்கலாமா?’ என்று ஏதாவது ஒரு செயலி கேட்டதும் யோசிக்காமல் சரி என்கிறோமே, அப்போது தங்கை எண், டாக்டர் எண், பிள்ளையின் டீச்சர் எண் எல்லாம் சேர்ந்து போகிறது. அவர்களை யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டு மாமரத்தை ஏலம் விடுகிற வேலை இது. இருபது தடவையாவது எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

சரி, உங்கள் விஷயம். ட்ரூகாலர் இணையதளத்திலேயே எண்ணை நீக்கக் கோரும் பக்கம் இருக்கிறது. 91 சேர்த்து எண்ணைக் கொடுங்கள். கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடக்க வேண்டும். உங்களுக்கு அந்த வேலையும் இல்லை.

கேள்வி: மூன்று நாள் இலவசம் என்று ஒரு காலர் ஐடி செயலியைப் போட்டேன். பிறகு அழித்தும் விட்டேன். இப்போது வருடக் கட்டணம் எடுத்துவிட்டார்கள். – வாசகர், மதுரை

பதில்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். அட்டை எண்ணைக் கொடுக்கும்போதே படித்திருக்கலாம்.

கேள்வி: திரையில் வங்கியின் பெயரே வந்தது. நம்பி ஓடிபி சொன்னேன். 48,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். – வாசகர், கடலூர்

பதில்: திட்டுகிறவர்களை விடுங்கள். இதற்கென்றே பழகியவன் பேசும்போது யாரும் ஏமாறலாம். இன்னும் புகார் செய்யவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க அதுதான் வழி. அப்புறம் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் தகவல் கொடுக்கும் வரையிலான இழப்பு நம் தலையில், அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசு. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600-ல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். பத்து இலக்க மொபைல் எண்ணுக்கு மேலே எந்த வங்கியின் பெயர் மின்னினாலும் நம்ப வேண்டாம். 1600 எண்ணிலிருந்து வந்தாலும் ஓடிபி மட்டும் வாயில் வரக் கூடாது.

கேள்வி: வீட்டுத் தரைவழி போனுக்குக் காலர் ஐடி பெட்டி வாங்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: 1999-ல் நானும் 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ‘மாட்டினால் போதும் சார்’ என்றார் கடைக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுத்து, சேவையைத் திறந்தால்தான் எண் தெரியும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் அது மணி காட்டியது, அதுவும் ஏழு நிமிடம் தாமதமாக. உங்கள் இணைப்பில் சேவை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், திரையுள்ள சாதாரண போனே போதும்.

கேள்வி: துணிக்கடையில் மொபைல் எண் சொல்லாவிட்டால் பில் வராது என்கிறார்கள். – வாசகி, சேலம்

பதில்: வரும். எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அவர் வருவதற்குள் பில் வந்துவிடும்.